தொல்காப்பியப் பூங்காவில் பறை எங்கே?

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில், அடையாறு கடலைத் தொடும் முகத்துவாரத்தை ஒட்டி 58 ஏக்கரில் ஒரு பூங்கா. 2011 ஜனவரியில் அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். நடைபாதை, குளங்கள், பறவை பார்க்க மேடை, பிள்ளைகளுக்கு விளையாட்டிடம். குப்பைமேடாகக் கிடந்த நிலத்தில் அலையாத்தி முளைத்தது, பறவைகள் வந்தன. நல்லது. நம்ம சண்டை பறவையோட இல்ல.

வைத்த பெயரோடுதான். தொல்காப்பியப் பூங்காவாம். நூலைப் புரட்டினார்களா? நிலத்தைச் சொல்லும்போது கருப்பொருள் என்று தொல்காப்பியர் ஒரு வரிசை தருகிறார்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். மரமும் பறவையும் மட்டும் சேர்ந்து நிலம் ஆகிவிடாது. அங்கே பாடுபடுகிறவனும் அவன் அடிக்கிற பறையும் இருந்தால்தான் அது நிலம். ஆற்றைச் சிங்காரிக்கக் கிளம்பினவங்க மரத்தையும் பறவையையும் வெச்சிக்கிட்டாங்க. பறையையும் தொழிலையும் லாரியில ஏத்திட்டாங்க.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. சொன்ன காரணம் வெள்ள அபாயம். கொண்டுபோய் வைத்த இடமோ பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் விளிம்பு! பெருமழைன்னா அங்கயும் தண்ணிதான். அதே அடையாற்றின் மேல் பாலம் கட்டி விமான நிலையத்தின் ஓடுபாதை நீள்கிறது. அதற்கு ஆக்கிரமிப்பு என்று யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை. முகத்துவாரத்தை ஒட்டி எம்.ஆர்.சி. நகரில் கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. அங்கேயும் புல்டோசர் போகவில்லை. குடிசை நின்றால் மட்டும்தான் ஆறு மூச்சுமுட்டுகிறது போலும்.

பூங்கா இருக்கிற அதே ராஜா அண்ணாமலைபுரத்தில், 2022 மே மாதம், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் கோவிந்தசாமி நகர் வீடுகளை இடித்தார்கள். கையில் நீதிமன்ற உத்தரவு. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம். அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்துச் செத்தார். அதற்கப்புறம்தான் மறுகுடியமர்வுக் கொள்கை பற்றிச் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. ஒரு உடம்பு எரிஞ்சாத்தான் இவங்களுக்குக் கொள்கை ஞாபகம் வரும்.

குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கிய காலத்தில், இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தந்தது. அது முடியாத காரியமில்லை என்பதற்கு அந்தக் கட்டடங்களே சாட்சி. பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். வாரியத்தின் பெயரையும் 2021இல் மாற்றிவிட்டார்கள். ஊருக்கு வெளியே சேரி என்பது கிராமத்து வரைபடம். அதையே மாநகரத்துக்கும் வரைகிறார்கள், பச்சை மசியில். மந்தைவெளியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் பெரும்பாக்கத்திலிருந்து விடியுமுன் எப்படி வந்து சேர்வாள்?

தோழர்களே, அடுத்த ஆற்றங்கரைப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்ட வருவார்கள். படகு விடுவோம், நீரூற்று வைப்போம் என்பார்கள். வைக்கட்டும். கரையிலிருந்து எத்தனை வீட்டை எடுத்தீங்க, எங்க வெச்சீங்க, அதே வார்டுக்குள்ள ஏன் இடமில்ல என்று மேடைக்கு முன்னால் நின்று கேளுங்கள். போகும்போது பறையை எடுத்துட்டுப் போங்க.