காலணா வரியில் வந்த ரயில்



உங்கள் ஊருக்கு ரயில் வந்தது யார் காசில்? வீட்டில் கேட்டுப் பாருங்கள். "வெள்ளைக்காரன் போட்டான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மாயவரம், திருவாரூர், முத்துப்பேட்டை பக்கத்து வாசகர்கள் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் ஊர்ப் பாதைக்குக் காசு கொடுத்தது உங்கள் கொள்ளுத்தாத்தாவாகவே இருக்கலாம்!

1906இல் வெளிவந்த தஞ்சாவூர் மாவட்ட கெசட்டியரில் இந்தக் கதை இருக்கிறது. தொகுத்தவர் ஹெமிங்வே. (நாவலாசிரியர் அல்ல, இவர் ஐ.சி.எஸ். அதிகாரி.) மாயவரம் - முத்துப்பேட்டை பாதையைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. அதற்காக நிலக்காரர்களிடம் ரூபாய்க்கு மூன்று பை, அதாவது காலணா, தனி வரியாக வாங்கினார்கள். 1894இல் ரயில் ஓடியது. பாதை போர்டுக்குச் சொந்தம்; வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பிறகு அந்தப் பாதை பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கி வரை நீண்டது.

வரி கட்டியவர் மிராசுதார், சரி. அந்தக் காலணாவை எத்தனை பேர் குத்தகைக்காரர் தலையில் கட்டினார்கள்? மண் சுமந்த பெண்களுக்கு என்ன கூலி? அதையெல்லாம் கெசட்டியரில் தேடாதீர்கள். அது கலெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த ஊர். ஆனாலும் படியுங்கள், பழைய கெசட்டியர்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இங்கிலீஷ் கொஞ்சம் கரடுமுரடு. காலேஜில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் ஓடிவிடும்.

நாகப்பட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1861இல் அங்கிருந்துதான் தஞ்சாவூருக்கு ரயில் விட்டார்கள். கம்பெனியின் தலைமையிடமும் ஒர்க்‌ஷாப்பும் ஒரு காலத்தில் அங்கேதான். 1928 வாக்கில் ஒர்க்‌ஷாப் திருச்சி பொன்மலைக்குப் போய்விட்டது. வரலாற்றுப் புத்தகங்களில் இது ஒரு வரி. வீடுகளில்? சங்கு ஊதும் நேரத்தை வைத்து உலை வைத்த குடும்பங்கள் சட்டி பானையோடு கிளம்பியிருக்கும். கூடப் போகாத வாடகை வீட்டுக்காரருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் யார் கணக்குத் தீர்த்திருப்பார்கள்?

வீடுகளின் கதையை விட்டுவிடும் இந்தக் குறையைப் புரிந்துகொண்டு எழுதியவர்களும் உண்டு. லாரா பேர் என்ற மானுடவியலாளர் 2007இல் வெளியிட்ட 'லைன்ஸ் ஆஃப் தி நேஷன்' அப்படி ஒரு புத்தகம். கரக்பூர் ரயில்வே காலனி, அங்கே வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் என்று போகிறது. ஆபீஸ் ஃபைல்களோடு நிற்காமல், வீடுகளில் சொல்லப்படும் கதைகளையும் அவர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். பொன்மலைக்கும் பெரம்பூருக்கும் ஜோலார்பேட்டைக்கும் தமிழில் அப்படி ஒரு புத்தக வரிசை வேண்டாமா?

நம் காலத்துக் கதைகளும் வேகமாக மறந்துபோகின்றன. திருவாரூர் - காரைக்குடி பாதை அகலப்பாதையாகி 2019இல் திறந்தபோது கேட்களுக்கு ஆள் போதவில்லை. கேட் கீப்பர் ரயிலிலேயே வருவார். லெவல் கிராசிங் வந்ததும் வண்டி நிற்கும். அவர் இறங்கிப் போய் கேட்டை மூடுவார். வண்டி தாண்டிப் போய் மறுபடி நிற்கும். இன்னொருவர் இறங்கி வந்து கேட்டைத் திறந்துவிட்டு, ஓடிப்போய் ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டிலும் இதே கூத்து! அந்த வண்டியில் கைக்குழந்தையோடு போனவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் இதை யார் எழுதப்போகிறார்கள்?

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ரயில்வே உத்தியோகம் பார்த்தவர் யாராவது உண்டா? கேங்மேன், போர்ட்டர், பாயிண்ட்ஸ்மேன், கேன்டீனில் இட்லி அவித்தவர், யாரானாலும் சரி. வயதானவர் என்றால் அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஸ்டேஷன், என்ன வேலை, முதல் சம்பளம் எவ்வளவு, குவார்ட்டர்ஸ் எப்படி இருந்தது, நைட் டியூட்டி அன்று வீட்டில் யார் கதவைத் திறந்துவிட்டது என்று கேட்டு, அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். பழைய போட்டோ இருந்தால் பின்பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து அனுப்புங்கள். ஊரும் வருஷமும் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்