அன்னப் பறவை அத்திப்பட்டுக்கு வரட்டும்!

சுதந்திர தினம். பள்ளிக்கூட மைதானம். கொடி ஏறுகிறது. பேண்டு வாத்தியம் முழங்குகிறது. பிள்ளைகள் கை வீசி நடை போடுகிறார்கள்.

கண்கொள்ளாக் காட்சிதான்! ஆனால் ஒரு கேள்வி. அந்த மெட்டு யாருடையது? பல பள்ளிகளில் இன்னமும் அது வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுச் சென்ற மெட்டு!

நமக்கென்று மெட்டு இல்லையா? இருக்கிறது. ஒரு பறவையின் பெயரிலேயே இருக்கிறது.

மணலியில் வாழ்ந்தவர்

பாலையும் தண்ணீரையும் கலந்து வைத்தால், பாலை மட்டும் குடிக்குமாம் அன்னப் பறவை. அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் அதன் பெயரில் ஒரு ராகம் இருக்கிறது. அதுதான் ஹம்சத்வனி. "அன்னத்தின் ஒலி" என்று பொருள்.

இந்த ராகத்தை உண்டாக்கியவர் ராமசாமி தீட்சிதர் (1735-1817). அவர் குடும்பத்தோடு மணலியில் வாழ்ந்தார். ஆதரித்தவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். அத்திப்பட்டில் இருந்து மணலி சில மைல் தூரம்தான்!

ராமசாமி தீட்சிதரின் மகன் முத்துசாமி தீட்சிதர். சென்னைக் கோட்டையில் கம்பெனிக்காரர்களின் பேண்டு இசையைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் பாட்டு எழுதினார். இன்று அவற்றை "நோட்டு ஸ்வரம்" என்கிறார்கள். சுமார் 40 பாடல்கள். ஆங்கிலேய மன்னரை வாழ்த்தும் பாட்டின் மெட்டுகூட அம்மனைப் பாடும் பாட்டாக மாறியது!

இளைய மகன் பாலுசாமி தீட்சிதர் வயலின் கற்றார். கர்நாடக இசைக்கு அந்த வாத்தியத்தைக் கொண்டுவந்தார்.

ஆக, பேண்டு இசையும் நம் இசையும் கை குலுக்கியது இந்த வடசென்னைப் பக்கத்தில்தான். இன்று மணலி என்றால் எண்ணெய் ஆலை நினைவுக்கு வருகிறது. அத்திப்பட்டு என்றால் அனல் மின் நிலையம். சங்கீதம் என்றால் மயிலாப்பூர்! இது நியாயமா?

பேண்டில் வருமா?

"கர்நாடக ராகம் ஊதுகிற வாத்தியத்தில் வருமா?" என்று கேட்கலாம். ஏன் வராது? கிளாரினெட்டில் கச்சேரி செய்து பெயர் பெற்றவர் ஏ.கே.சி. நடராஜன். சாக்ஸபோனில் சாதித்தவர் கத்ரி கோபால்நாத்.

ஹம்சத்வனியில் ஐந்தே சுரங்கள். ச, ரி, க, ப, நி. மேல்நாட்டார் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தரும் சுர வரிசையில் "ம"வையும் "த"வையும் எடுத்துவிட்டால் இதுதான் மிச்சம். புதிதாகக் கற்கும் பிள்ளைக்குக்கூட எளிது. கமகம் பிறகு வரட்டும். மெட்டு முதலில் வரட்டும்!

ரஷ்யாவின் பாட்டிக் கதையில் ஒரு நெருப்புப் பறவை உண்டு. 1910-ல் ஸ்டிராவின்ஸ்கி அதை இசை ஆக்கினார். அப்போது அவருக்கு வயது 28. பாரிஸ் நகரம் வியந்தது. இன்று வெளிநாட்டுப் பள்ளி பேண்டுகள் அதை எளிதாக்கி வாசிக்கின்றன. ரஷ்யப் பறவை பள்ளிக்கூடம் வந்தபோது, நம் அன்னம் வரக் கூடாதா?

பணம் எங்கே?

டிரம்பெட், கிளாரினெட், டிரம் எல்லாம் விலை அதிகம். தினக்கூலி வாங்கும் தகப்பனாரால் வாங்கித் தர முடியாது. உண்மைதான்.

ஆனால் 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டம் என்ன சொல்கிறது? பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 100-க்கு 2 பங்கை மக்கள் நலனுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வியும் கலையும் அந்தப் பட்டியலில் உண்டு. தொழிற்சாலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு முதலிடம் தரவும் சொல்கிறது. எண்ணூர் முதல் அத்திப்பட்டு வரை ஆலைகளுக்கா பஞ்சம்?

புகையையும் சாம்பலையும் சகித்துக்கொண்டு வளர்கிறார்கள் இந்தப் பிள்ளைகள். அவர்கள் கையில் ஒரு வாத்தியம் கொடுப்பது தருமம் அல்ல, கடன்!

வாத்தியம் மட்டும் போதாது. வாரம் இரண்டு நாளாவது சொல்லித் தர ஒரு வாத்தியாரும் வேண்டும். இல்லாவிட்டால் டிரம்பெட் அலமாரியில் தூங்கும்.

அடுத்த சுதந்திர தினத்தில் அத்திப்பட்டுப் பள்ளி மைதானத்தில் ஹம்சத்வனி ஒலிக்கட்டும். "இது நம்ம ஊர்ப் பக்கத்து மெட்டு" என்று ஒரு பிள்ளை தன் தாயிடம் சொல்லட்டும்.