இருபது ஆண்டு கடந்தும் அடைபடாத ஓட்டை

இணையச் சேவையக மென்பொருள்களில் நெடுங்காலத்துக்கு முன்னரே இனங்காணப்பட்ட குறைபாடொன்று இன்னமும் தலைதூக்கி வருவது விசனத்துக்குரியதாகும். 2024 மே மாதம் ஐக்கிய அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகவரகமும் எப்.பி.ஐ.யும் கூட்டாக விடுத்த அறிவித்தலில், தாக்குதலுக்குப் பயன்படுத்தப்பட்டமை உறுதியான இவ்வகைக் குறைபாடுகள் 55 பட்டியலிடப்பட்டுள்ளதாகத் தெரிவிக்கப்பட்டது.

விடயம் சிக்கலானதல்ல. இணையத்தள முகவரியில் தளத்தின் பெயருக்குப் பின்னால் வரும் பகுதி, பெரும்பாலும் சேவையகத்திலுள்ள கோப்பொன்றுக்கான பாதையாகும். அதில் இரண்டு புள்ளிகளையும் ஒரு சாய்கோட்டையும் இட்டால், ஒரு கோப்புறை மேலே செல்க என்பது பொருள். இதனைத் திரும்பத் திரும்ப இடுபவர், பொதுமக்களுக்கெனத் திறந்த கோப்புறையைக் கடந்து கடவுச்சொற்களும் வாடிக்கையாளர் விபரங்களும் உள்ள இடத்தை எட்டிவிடலாம். இதனை மென்பொருளே சோதித்துத் தடுக்க வேண்டும். ஆனால், புள்ளியை நூற்றுவீதக் குறியுடன் கூடிய குறியீடாகவும் எழுத முடியும். அக்குறியீட்டை முழுமையாக விரிக்கும் முன்னரே சோதனை முடிந்துவிடுமாயின், காவலாளி முகத்திரையை மட்டும் பார்த்து ஆளை உள்ளே அனுப்பிய கதைதான்.

2021 செப்டெம்பரில் வெளியான அப்பாச்சி சேவையகத்தின் 2.4.49 பதிப்பில் நேர்ந்தது இதுவே. பாதையைச் சீராக்கும் பகுதியில் செய்யப்பட்ட மாற்றமே ஓட்டையாயிற்று. (பழைய பதிப்பிலேயே இருந்தவர்கள் தப்பினர் என்பது வேடிக்கை.) ஒக்டோபர் 4ஆம் திகதி 2.4.50 வெளிவந்தது. குறியீட்டையே மீண்டும் குறியீடாக்கினால் அதுவும் ஏமாறும் என்பது தெரியவர, மூன்றே நாட்களில் 2.4.51 வெளியிடப்பட்டது.

இந்த இரட்டைக் குறியீட்டுத் தந்திரம் புதியதா? மைக்ரோசொப்ட் தனது சேவையகத்திலிருந்த இதையொத்த ஓட்டையை 2001 மே மாதத்திலேயே திருத்தியிருந்தது. அத்திருத்தத்தைப் பொருத்தாதிருந்த சேவையகங்கள், அவ்வாண்டு செப்டெம்பரில் உலகெங்கும் பரவிய 'நிம்டா' புழு நுழைந்த வழிகளுள் ஒன்றாயின. இத்தனை பெரிய அனுபவத்தின் பின்னரும், 2021இல் வெளியிட்ட அவசரத் திருத்தத்தை இதே தந்திரத்துக்கு எதிராகச் சோதித்துப் பார்க்காமையை நாம் சிறு கவனயீனமாகக் கருதவில்லை.

சேவையகங்களை நடத்துவோரும் பொறுப்பிலிருந்து விலக முடியாது. ஏனைய கோப்புறைகளுக்கு அனைவருக்கும் அனுமதி மறுக்கும் அப்பாச்சியின் இயல்பான கட்டுப்பாட்டை நீக்காதிருந்தோரின் கோப்புகள் 2021இல் தப்பின. வசதி கருதி அதனைத் தளர்த்தியவர்களே அகப்பட்டனர். ஆயினும், முதற்பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது என்பதே எமது நிலைப்பாடு. பயனாளர் தரும் பெயரைக் கோப்புப் பெயராக ஏற்காது, தாமே வழங்கும் அடையாளத்தைக் கொண்டு கோப்பை எடுக்குமாறு 2024ஆம் ஆண்டின் அறிவித்தலும் அவர்களையே கேட்டிருந்தது.