சும்மா சொன்ன வார்த்தைகள்

ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்ற பழைய புகாரை இப்போது ஆண்கள் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பொது மேடையில் எல்லோரும் முற்போக்குவாதிகள் ஆகையால் அங்கே இந்தப் பேச்சு வராது. இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடைக்கு நகர்ந்த பிறகு வரும். விளையாட்டு உலகில் ஒரு ஆண் வாய் தவறினால் வேலை போகிறது, பெண் வாய் தவறினால் ஒரு மன்னிப்போடு முடிகிறது, இது என்ன சமத்துவம் என்கிறார் நான் மதிக்கும் நண்பர் ஒருவர். உதாரணங்கள் வைத்திருக்கிறார். 2011-ல் வேலை இழந்த ஆண்டி க்ரேயும் ரிச்சர்ட் கீஸும். 2024-ல் வேலை இழக்காத ஈஸா குஹா. கவிதையில் ஒரு சொல் இடம் மாறினால் பொருள் மாறிவிடும் என்று முப்பது பக்கம் எழுதக்கூடியவர், இங்கே மட்டும் சொல்லைச் சூழலிலிருந்து பிய்த்தெடுத்துத் தராசில் போடுகிறார். என் கோபம் அதனால் தான்.

முதல் உதாரணத்தைப் பார்ப்போம். 2011 ஜனவரி 22. இங்கிலாந்தில், மோலினோ மைதானத்தில் வுல்வ்ஸுக்கும் லிவர்பூலுக்கும் பிரீமியர் லீக் ஆட்டம். கோட்டருகே கொடியோடு நின்ற துணை நடுவர் ஷான் மாஸி, 25 வயதுப் பெண். ஸ்கை ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியில் ஏறத்தாழ இருபது வருஷம் கால்பந்தின் குரல்களாக இருந்த இந்த இருவரும், மைக் அணைந்திருக்கிறது என்ற தைரியத்தில், பெண்ணுக்கு ஆஃப்ஸைட் விதி எங்கே தெரியப் போகிறது, யாராவது போய்ச் சொல்லிக் கொடுங்கள் என்று பேசிக்கொண்டார்கள். அப்போது ஆட்டம் தொடங்கவேயில்லை. அவர் ஒரு தவறும் செய்திருக்கவில்லை. செய்ய நேரமே வரவில்லை. பிறகு லிவர்பூலின் முதல் கோலில், பந்தை வாங்க ஓடிய மெய்ரெலஸ் ஆஃப்ஸைடா இல்லையா என்ற நூலிழைத் தீர்ப்பு அவர் முன் வந்தது. மாஸி கொடியை உயர்த்தவில்லை. மெய்ரெலஸ் பந்தை டோரஸுக்குத் தள்ள, கோல். அவர் தீர்ப்பு சரி என்று மறு ஒளிபரப்பு காட்டிற்று.

க்ரே 25-ஆம் தேதி நீக்கப்பட்டார். கீஸ் மறு நாள் ராஜினாமா செய்தார். ஒரு வார்த்தைக்காக வேலை போயிற்று என்பது நண்பரின் கதை. அந்த வார்த்தைக்கு முதலில் எடுத்தது ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே. முந்தைய டிசம்பரில் சக பெண் அறிவிப்பாளரிடம் தன் கால்சட்டைக்குள் மைக்கைச் செருகிவிடச் சொன்ன ஒளிப்பதிவு வந்து சேர்ந்த பிறகு தான் க்ரே வெளியேற்றப்பட்டார். இந்த ஒளிப்பதிவுகள் எல்லாம் அந்த நிலையத்தின் காமிராக்கள் எடுத்தவை. ஊர் பார்க்கும் வரை நிர்வாகத்துக்கு அவற்றில் குற்றம் தென்படவில்லை போலிருக்கிறது. நண்பர் நிர்வாகத்தின் இந்த யோக்யதையைப் பற்றிப் பேசியிருந்தால் நானும் கூடவே கத்தியிருப்பேன். அவரோ பெண்களைப் பற்றிப் பேசுகிறார்.

வேலை இழந்தவர்களுக்கு அடுத்த மாதமே டாக்ஸ்போர்ட் வானொலியில் நிகழ்ச்சி கிடைத்தது. பிறகு கத்தாரில் தொலைக்காட்சி. மாஸிக்கு என்ன கிடைத்தது? அந்த வாரம் க்ரூ அணிக்கும் பிராட்ஃபோர்ட் அணிக்கும் நடந்த ஆட்டத்துக்கு அவர் நியமிக்கப்பட்டிருந்தார். கவனம் முழுக்க அவர் மேல் விழும் என்று விலக்கிவைத்தார்கள். சரியாகத் தீர்ப்பு சொன்னவருக்கு ஒரு நாள் வேலை போயிற்று. வங்கியில் பேரேடு எழுதும் எனக்கு இது உடனே கண்ணில் படுகிறது: நண்பரின் கணக்கில் இந்தப் பற்று எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை.

இனி ஈஸா குஹா. 2024 டிசம்பர் 15, பிரிஸ்பேன் டெஸ்ட். பும்ராவின் பந்துவீச்சைப் புகழ வந்தவர், மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் என்பதில் ஆட்டக்காரர் இருக்கவேண்டிய இடத்தில் ‘ப்ரைமேட்’ என்ற சொல்லைப் போட்டார். மனிதனையும் குரங்கையும் ஒரே கொத்தாகக் குறிக்கும் விலங்கியல் சொல். கேவலம் தான். வங்காளப் பெற்றோருக்குப் பிறந்து இங்கிலாந்துக்காகப் பந்து வீசியவர் அவர். அந்தச் சொல்லின் பாரம் தெரியாதவர் அல்ல. மறு நாள் ஆட்டத்துக்கு முன் ஒளிபரப்பிலேயே மன்னிப்புக் கேட்டார். பக்கத்தில் நின்ற ரவி சாஸ்திரி அவருடைய தைரியத்தைப் பாராட்டினார். ஆனால் பும்ராவுக்குப் பந்து வீசத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கறுப்பு நிறத்தவன் என்பதால் அவர் அங்கே நிற்கவே தகுதியில்லை என்று குஹா சொல்லவில்லை.

இதற்குச் சரியான ஜோடி க்ரே இல்லை. நம் தினேஷ் கார்த்திக். 2021 ஜூலையில், அதே ஸ்கையில், இங்கிலாந்து - இலங்கை ஒருநாள் ஆட்டத்தின் வர்ணனையில், மட்டைகள் அடுத்த வீட்டுக்காரன் மனைவி மாதிரி, பிறத்தியாருடையது தான் எப்போதும் நன்றாக இருக்கும் என்றார். அடுத்த ஆட்டத்தில் மன்னிப்புக் கேட்டார். அம்மாவும் மனைவியும் கண்டித்ததாகச் சொன்னார். வர்ணனை தொடர்ந்தது. வாய் தவறிய ஆண், ஒரு மன்னிப்பு, வேலை பத்திரம். நண்பருக்குச் சென்னைக்காரர் எப்படி மறந்துபோனாரோ.

செரீனா வில்லியம்ஸ் 2018-ல் அமெரிக்க ஓபன் இறுதி ஆட்டத்தில் நடுவர் கார்லோஸ் ராமோஸைத் திருடன் என்று சொல்லி ஒரு கேம் இழந்ததும், 17,000 டாலர் அபராதம் கட்டியதும் எதிர்த் தரப்பு உதாரணம். ஆண்கள் இதைவிட மோசமாகப் பேசித் தப்பித்தார்கள் என்றார் அவர். இருக்கலாம். ஆனால் மூன்றாவது மீறலுக்கு விதி சொன்ன தண்டனை அது தான் என்பதால் அந்த உதாரணத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 2008 ஜனவரி, சிட்னி டெஸ்ட். ஹர்பஜன் சிங் ஆண்ட்ரூ சைமண்ட்ஸைக் குரங்கு என்றார் என்று புகார். மூன்று டெஸ்ட் தடை. மேல்முறையீட்டில் நீதிபதி ஹான்சன் முன் டெண்டுல்கர் சொன்னது, தன் காதில் விழுந்தது தாயைச் சேர்த்துத் திட்டும் ஓர் இந்தி வசை என்று. இனவசை நிரூபணமாகவில்லை, குற்றம் ஒரு படி இறக்கப்பட்டது, தடை நீங்கி ஆட்டச் சம்பளத்தில் பாதி அபராதம். தேசம் மகிழ்ந்தது. அட, அம்மாவைத் தானே சொன்னான்! இரண்டு ஆண்களின் சண்டையில், மைதானத்திலேயே இல்லாத ஒருத்தியின் உடம்பு ஒருவனுக்குக் கேடயமாயிற்று. அவளுக்காகப் புகார் கொடுக்க எந்த அணி மானேஜரும் வரவில்லை. நம் பாஷையின் வசைகளும் பெரும்பாலும் அங்கேயே போய்த் தான் நிற்கின்றன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தராசில், இந்தப் படிக்கற்களை வைத்துக்கொண்டா நாம் சமத்துவம் நிறுக்கப் போகிறோம்?

ஆஃப்ஸைட் பேச்சு நமக்குத் தூரத்துச் சமாசாரம் இல்லை. நம் கூட்டங்களில் ஒரு பெண் நல்ல கவிதை ஒன்றை வாசித்துவிட்டுப் போன பிறகு, யார் திருத்திக் கொடுத்தது என்று ஒரு குரல் வருகிறதே, அது க்ரேயின் குரல் தான். கவிதை படிக்கப்படுவதற்கு முன்பே வந்துவிட்ட தீர்ப்பு. அங்கே மைக்கும் இல்லை, காமிராவும் இல்லை. யாருக்கும் எதுவும் போவதில்லை, அவள் அடுத்த கூட்டத்துக்கு வராமல் போவதைத் தவிர. ஒரு ஆணின் கவிதைக்கு இந்தக் கேள்வி எத்தனை முறை கேட்கப்பட்டது என்று நண்பர் எழுதட்டும். அடுத்த இதழில் பக்கம் தருவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.