கல்லுக்கும் ஒரு நூல் நிலையம்!

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் சாலையில் காந்திகிராமத்தைக் கடந்து செல்லும் நேயர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். சிறுமலை அடிவாரத் தோட்டம் ஒன்றில் போர் வண்டி நின்றுகொண்டு பூமியை உலுக்கும். புழுதி வானத்துக்குக் கிளம்பும். தோட்டக்காரரும் அவர் மனைவியும் வரப்பில் உட்கார்ந்து, ஈரம் தட்டுகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்திருப்பார்கள். 200 அடி, 400 அடி, 700 அடி! அடிக்கு இவ்வளவு என்று கூலி ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் வந்தால் கற்பூரம் கொளுத்துவார்கள். வராவிட்டால், "வெறும் புகைதான் வந்தது" என்ற ஒரே வாக்கியத்தோடு வண்டி புறப்பட்டுவிடும். அம்மாளின் சங்கிலி மட்டும் அடகுக் கடையிலேயே தங்கிவிடும்.

அந்தப் புழுதிக் குவியல் என்ன ஆயிற்று? அடுத்த மழையில் கரைந்து ஓடிவிட்டது. எத்தனை அடியில் மண் முடிந்து பாறை தொடங்கியது, எந்த ஆழத்தில் கல் வெடித்துக் கிடந்தது என்ற விவரமெல்லாம் அதில்தான் இருந்தது. நம் பக்கத்துப் பூமி கெட்டிப் பாறைப் பூமி. தண்ணீர் பாறையின் வெடிப்புகளில்தான் ஒளிந்திருக்கிறது. அந்த விவரம் தெரியாமலே அடுத்த வருஷம் பக்கத்துத் தோட்டக்காரர் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்த்து, இன்னொரு துளை போடுவார்.

"புழுதியைப் போய்ப் பத்திரப்படுத்துவார்களா, சார்?" என்று நீங்கள் சிரிக்கலாம். உலகத்தில் பல சர்க்கார்கள் அதற்கென்றே கட்டடம் கட்டி வைத்திருக்கின்றன என்றால் நம்புவீர்களா?

பூமிக்குள் என்ன இருக்கிறது என்று ஆராயும் விஞ்ஞானிகள் நம் போர் வண்டியைப் போலக் கல்லைப் பொடியாக்குவதில்லை. வைரம் பதித்த, நடுவில் துவாரமுள்ள முனையைச் சுழற்றுகிறார்கள். வாழைத்தண்டு மாதிரி உருண்டையான கல் தண்டு குழாய்க்குள் ஏறி வருகிறது. அதைக் காடி வெட்டிய நீளப் பெட்டிகளில், புத்தகத்து வரிகளைப் போல இடமிருந்து வலமாக அடுக்குகிறார்கள். எந்தத் துளை, எத்தனையாவது பெட்டி, எத்தனை மீட்டரிலிருந்து எத்தனை மீட்டர் வரை என்று பெட்டியின் மேல் எழுதுகிறார்கள். நடுவில் ஒரு துண்டு நொறுங்கிப் போயிருந்தால், அதையும் ஒளிக்காமல் குறித்து வைக்கிறார்கள். பிறகு தண்டை நெடுக்காக இரண்டாகப் பிளப்பது உண்டு. ஒரு பாதி பரிசோதனைக்குப் போகும்; மறு பாதி இனி வரப்போகிறவர்களுக்காகக் காத்திருக்கும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி போன்றவை காய்ந்தால் வெடித்துவிடும். அவற்றை ஈரம் போகாமல் கட்டி வைக்க வேண்டும். யார் எந்தத் துண்டை எடுத்துப் போனார் என்பதற்கும் கணக்கு உண்டு. பெயர்ச்சீட்டு தொலைந்த கல், முகவரி அழிந்த கடிதம் மாதிரி. ஜல்லிக்கு வேண்டுமானால் உதவும்!

இவ்வளவு செலவும் எதற்கு என்று கேட்கிறீர்களா? மெக்ஸிகோ தேசத்துக் கதையைக் கேளுங்கள். அந்நாட்டு எண்ணெய் ஸ்தாபனம் 1950-களில் யுகடான் என்ற பகுதியில் ஆழமாகத் துளைத்தது. எண்ணெய் கிடைக்கவில்லை, விசித்திரமான கல்தான் வந்தது. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், வெறும் புகை! ஆனாலும் சில துண்டுகள் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பத்திரமாகக் கிடந்தன. 1990-ல் ஹில்டிபிராண்ட், பென்ஃபீல்ட் என்ற இருவர் அவற்றைத் தேடிப் பிடித்தார்கள். பேரிடியில் மட்டுமே உண்டாகும் அடையாளங்கள் அந்தக் கல்லில் இருந்தன. சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன் வானத்திலிருந்து விழுந்து, டைனோசார்களின் வமிசத்துக்கே முடிவு கட்டியதாகக் கருதப்படும் பெரும் பாறை எந்த இடத்தில் மோதியது என்பது அப்படித்தான் உறுதியாயிற்று. 1950-களில் அந்தத் துண்டுகளைத் தூக்கி எறிந்திருந்தால்?

நம் தேசத்திலும் இந்தக் காரியம் நடக்கிறது. மகாராஷ்டிரத்தில் கொய்னா அணைப் பகுதியில் 1967 டிசம்பர் 11-ந் தேதி பெரும் பூகம்பம் ஏற்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அணையில் நீர் தேங்கியதற்கும் பூமி அதிர்வதற்கும் என்ன சம்பந்தம் என்று அறிய, மத்திய சர்க்கார் அங்கே பல துளைகள் போட்டது. அவற்றில் ஒன்று 2017-ல் 3 கிலோமீட்டர் ஆழத்தை எட்டியது. எரிமலைக் குழம்பு உறைந்த பாறையே ஆயிரம் மீட்டருக்கு மேல். அதன் கீழேதான் ஆதிப் பாறை. இந்த ஆராய்ச்சிக்கென்றே பக்கத்துக் கராட் ஊரில் ஒரு நிலையம் அமைத்து, துளைகளில் கிடைத்த கல் தண்டுகளை வைத்துப் பாதுகாக்கிறார்கள். இன்று பிறக்கும் குழந்தை நாளைக்கு விஞ்ஞானியாகி, இன்றில்லாத கருவியோடு வந்து அந்தப் பெட்டிகளைத் திறக்கலாம். மறுபடி 3 கிலோமீட்டர் துளைக்க ஆகும் செலவோடு பார்த்தால், கூரைக்கும் பூட்டுக்கும் காவலுக்கும் ஆகும் செலவு அற்பம்.

சரி, நமக்கு என்ன வழி? தோட்டக்காரர் வைர முனைக்கு எங்கே போவார்? வேண்டாம். 10 அடிக்கு ஒரு தரம், வெளியே வரும் கல் பொடியில் ஒரு பிடி. ஒரு சிறிய பை. அதன் மேல் சர்வே எண், தேதி, ஆழம். எந்த அடியில் ஈரம் தட்டியது, எந்த அடியில் நின்றுவிட்டது என்று ஒரு குறிப்பு. பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ ஒரு அலமாரி. இவ்வளவு போதும். வெற்றி பெற்ற துளையைவிடப் பொய்த்துப்போன துளைக்குத்தான் குறிப்பு அவசியம்.

ஒரு பையைப் பார்த்து, "இங்கே தண்ணீர் இருக்கிறது" என்று யாரும் ஜோசியம் சொல்ல முடியாது. வெடிப்பு ஒரு வயலில் இருக்கும், அடுத்த வயலில் இராது. ஆனால் நூறு துளைகளின் பைகள் ஒரே இடத்தில் சேர்ந்தால், விஷயம் தெரிந்தவர் வந்து, "இந்தப் பக்கத்தில் இந்த ஆழத்துக்குக் கீழே போவது பெரும்பாலும் வீண்" என்றாவது சொல்லலாம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் காந்திகிராமத்தை நிறுவியது, படிப்பும் கிராமமும் கைகோக்க வேண்டும் என்றுதானே? அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை ஏது!

உங்கள் ஊரில் இனி போர் வண்டி வந்து நின்றால், கற்பூரத்தோடு நாலைந்து டஜன் காகிதப் பைகளையும் ஒரு பென்சிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வராமற் போனாலும், அடுத்த வீட்டு அம்மாளின் சங்கிலியாவது தப்பும்.