புளிப்பே காவல்!

பிரான்சு நாட்டின் வடபகுதியில் ஷாப்ளி என்று ஓர் ஊர் இருக்கிறது. குளிர் மிகுந்த இடம். அங்கே விளையும் ஷார்டனே திராட்சையில் புளிப்பு அதிகம். அதைப் பிழிந்து செய்யும் மது, புதிதில் பல்லைக் கூச வைக்கும்.

அந்தப் புளிப்புதான் அதற்குக் காவல்! சிறந்த தோட்டத்து மது 10 ஆண்டுக்கு மேலும் கெடாது. வெளிர் நிறம் பொன்னிறமாகும். தேன் மணம் சேரும்.

ஆனால், பழையதெல்லாம் சிறந்தது என்று எண்ணுவது தவறு. சாதாரண மது சில ஆண்டுகளில் சுவை இழந்துவிடும். நாள் கடந்தால் மட்டும் போதாது. சரக்கும் நன்றாக இருக்க வேண்டும்.

அந்தச் சரக்கை விளைவிப்பது எளிதா? வசந்த காலத்தில் உறைபனி விழுந்தால், ஒரே இரவில் துளிர்கள் கருகிவிடும். 2021 ஏப்ரலில் அப்படித்தான் நேர்ந்தது. விவசாயிகள் தோட்டமெங்கும் தீ மூட்டி, விடிய விடியக் காவல் காத்தார்கள்.

விலை அதிகம் என்று முணுமுணுப்பவர்கள், அந்தத் தூக்கமில்லாத இரவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.