அல்வரில் ஒரு தோட்ட வீடு

பணி ஓய்வை நெருங்கும் நம் அன்பர் பலரிடம் ஓர் ஆவலைக் காண்கிறோம். தில்லியின் இரைச்சலை விட்டகன்று, சிறு நகர் ஒன்றின் ஓரத்தில் நிலம் வாங்கி, குழாய் நீரையும் மின்கம்பியையும் எதிர்பாராமல் வாழ வேண்டும் என்பதே அது. ஆவல் நல்லதே. ஆயினும், வாழ்நாட் சேமிப்பை மண்ணில் இடுமுன் ஊரை எடைபோட்டுப் பார்த்தல் வேண்டும். தில்லியிலிருந்து ஏறத்தாழ 160 கி.மீ. தொலைவில், ஆரவல்லி மலையடியில் உள்ள அல்வரை இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது வெயில். அதற்கு அங்குக் குறைவில்லை. ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் மின்சாரம் தரும். சிக்கனமான குடும்பத்திற்கு இரண்டு கிலோவாட் போதும். ஆனால், 2024-இல் மத்திய அரசு தொடங்கிய கூரைச் சூரிய மின் திட்டத்தின் மானியம் மின்கம்பியோடு இணைந்த தகடுகளுக்கே உரியது. தனித்து நிற்க விரும்புவோர் பாட்டரிச் செலவையும் சேர்த்து முழுத் தொகையையும் தாமே ஏற்க வேண்டும்.

இரண்டாவது நீர். ஆண்டு மழை ஏறத்தாழ 600 மி.மீ.; அதிலும் பெரும்பகுதி மூன்றே மாதங்களில் பெய்துவிடும். 100 சதுர மீட்டர் கூரையில் விழும் நீரில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 48,000 லிட்டர் மிஞ்சும். நால்வர் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 40 லிட்டர் எனக் கொண்டால் ஆண்டுக்கு 14,600 லிட்டரே வேண்டும். ஆகவே, நல்ல தொட்டி ஒன்று இருந்தால் அடுப்படிக்குக் கவலையில்லை. தோட்டத்தின் கணக்கோ வேறு. கோடையில் 25 சென்ட் காய்கறித் தோட்டம் நாளொன்றுக்குச் சுமார் 5,000 லிட்டர் குடிக்கும். எஞ்சிய கூரைநீர் ஒரு வாரத்திற்கும் காணாது. பிறகு ஆழ்குழாய்க் கிணறுதான் கதி. அம்மாவட்டத்திலோ நிலத்தடி நீர், மழை ஊட்டுவதினும் மிகுதியாக இறைக்கப்பட்டு வருகிறது.

மூன்றாவது நிலம். மலைச்சரிவு மலிவாகக் கிடைக்கிறது என்று மயங்கலாகாது. 1992-ஆம் ஆண்டு ஆரவல்லி அறிவிக்கை, அல்வர் மாவட்டத்தில் காடு, மலை எனப் பதிவான நிலங்களிலும் சரிஸ்கா காப்பகப் பகுதியிலும் பண்ணை வீடு கட்டவும் மின்பாதை இடவும் முன் அனுமதி கோருகிறது. எனவே, முன்பணம் கொடுக்குமுன் வருவாய்ப் பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பார்த்துவிடுவது அறிவுடைமை.

இவற்றினும் பெரிய பாடம் ஒன்றையும் அம்மாவட்டமே தருகிறது. 1985 முதல் தருண் பாரத் சங்கமும் ராஜேந்திர சிங்கும் சிற்றூர் மக்களோடு கூடி, ‘ஜோஹட்’ என்னும் மண்ணணைக் குளங்களைச் சீர்செய்தனர். வறண்ட கிணறுகள் ஊறின. அர்வரி ஆறு மீண்டும் ஓடிற்று. நம் ஊர்க் குடிமராமத்தை அறிந்தவர்க்கு இது புதிதன்று. மேலே ஒருவன் குளம் வெட்டினால் கீழே பலர் கிணறு நிரம்புகிறது. ஒருவன் அளவின்றி இறைத்தால் பலர் கிணறு வற்றுகிறது. நிலத்தடி நீருக்கு வேலி இல்லை.

எனவே நம் தீர்ப்பு இதுவே: வேலியிட்டுக்கொண்டு தனியே வாழ நினைப்பவர்க்கு அல்வர் ஏற்றதன்று. ஊர்க் குளத்திற்கு மண் சுமக்கவும், கம்பு, கடுகு, கொண்டைக்கடலை போன்ற சிறிது நீரில் விளைவனவற்றைப் பயிரிடவும் உடன்படுவோர்க்கு ஏற்றது. நிலம் பார்க்கச் செல்லும் அன்பர்கள், வைகாசி வெயிலில் சென்று, பக்கத்துக் கிணறுகளில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று முதலில் கேட்பார்களாக. விலையைப் பிறகு கேட்கலாம்.